‘ஒண்டுமில்லை’ என்று ஒருமுறை சொன்னேன்

மாமா "விளங்குது மருமோன்" என்று சொல்லிக் கதிரையை விட்டு எழும்பியபோது நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் வாசல் படலை வரைக்கும் போய், சைக்கிளைத் திருப்பிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி சொல்கிற தலையாட்டல் அது. எதற்கு நன்றி?

அப்போது நான் மன்னார்த் தீவுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிகிற வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் பாலத்துக்கு அங்கால், பெருநிலத்தில், வயல்கள் உள்ள ஊர். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் காணியில் கிணற்றுக் கட்டும் ஒரு வேம்பும்தான் மிஞ்சியிருந்தன. அப்பா கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பார். அம்மாவுக்கு பஸ்சின் முன்னால் எழுதியிருக்கிற ஊரின் பெயரை வாசிக்கத் தெரியாது. பஸ்சின் நிறத்தை வைத்துத்தான் ஏறுவார். ஆனால் என் பரீட்சைச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி, ஓடிய இடமெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். அந்தக் கடதாசிகளைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதனால் அந்த வேலை எனக்கு மட்டும் கிடைத்த வேலையாக யாரும் நினைக்கவில்லை. முழுச் சொந்தக்காரருக்கும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

அதற்கு முன்பு எல்லாம் கிளினிக் கொப்பியில்தான் இருந்தது. வருத்தக்காரர் கொப்பியைக் கொண்டுவருவார், டொக்டர் எழுதுவார், திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவார். என் முதல் வேலை அந்தக் கொப்பிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கணினியில் ஏற்றுவது. சில கொப்பிகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி பிறவுண் பேப்பரில் உறை போட்டிருக்கும். ஒன்றில் 'கணிதம்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, 'தரம் 8' என்றும் போட்டிருந்தது. கொண்டுவந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "உறையைக் கழட்டாமல் பாருங்கோ தம்பி" என்றார். பதிந்து முடித்துக் கொப்பியைத் திரும்பக் கொடுத்தபோது, அவர் கணினித் திரையைக் காட்டிக் கேட்டார்: "இதுக்கு உறை இல்லையோ?"

"பாஸ்வேர்ட் இருக்கு ஐயா" என்றேன்.

"அது ஆரிட்டை இருக்கு?"

"என்னட்டை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம், அம்மாவின் தங்கை, என் சித்தி, தன் மகனுக்குப் பெண் பார்த்தார். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதாக யாரோ ஒரு கதையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். சித்தி அழுதபடி வந்து, "நீ ஒருக்காப் பேரை அடிச்சுப் பாரன் ராசா. உனக்கென்ன, ரெண்டு நிமிசம்" என்றார். உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெயரை அடித்தேன், ஊரைச் சரிபார்த்தேன். ஒருமுறை காய்ச்சலுக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். சித்தியிடம் சொன்னேன்: "ஒண்டுமில்லை. பயப்பிடாதேங்கோ."

கல்யாணத்தில் எனக்கு முன்வரிசையில் இலை போட்டார்கள். "இந்தத் தம்பிதான் கொம்பியூட்டரில பாத்துச் சொன்னவன்" என்று சித்தி எல்லோருக்கும் காட்டினார். அப்பா பக்கத்தில் இருந்து தலை குனிந்து சாப்பிட்டார். அவர் காது சிவந்திருந்தது. பெருமை வந்தால் அவருக்குக் காதுதான் சிவக்கும். அந்தக் காதைப் பார்த்தபடி நான் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் ஒரு பெண்; வேகமாகக் கதைப்பவர், கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வருத்தத்தின் பெயர் மட்டுமில்லை, ஒருவர் இந்தப் பக்கம் வந்தாரா இல்லையா என்பதே வெளியில் போகக் கூடாது என்றார். யார் எந்தப் பதிவை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று கணினி தானாகவே எழுதி வைக்கும் என்றும் சொன்னார். நாங்கள் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தோம். சித்தியின் மருமகளின் பதிவைத் திறந்த அந்த ஒரு நிமிடம் எங்கோ எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஆனால் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இனிமேல் செய்வதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். தன் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார். புதன்கிழமை எழுத்து. கல்யாணப் பதிவுகாரருக்கும் சொல்லியாகிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை நிலத்தில் வைத்தபடி, "சும்மா கேக்கிறன்" என்று தொடங்கினார். "அந்தப் பிள்ளை சண்டை நடந்த பக்கம்தான் கடைசிவரைக்கும் இருந்தது. உடம்பில செல் துண்டு கிண்டு, இல்லாட்டி மனசுக்கு ஏதும்... உன்ர கொம்பியூட்டர்ப் பெட்டியில இருக்குமெல்லே?"

"அது சொல்ல ஏலாது மாமா."

"என்னட்டையுமோ?"

"ஒருத்தரிட்டையும் சொல்ல ஏலாது."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "விளங்குது மருமோன்" என்றார்.

அவருக்கு என்ன விளங்கியது என்று திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தது.

பத்தொன்பதாம் இலக்கத்தைக் கூப்பிட்டேன். கையில் குடையோடு ஓர் இளம்பெண் வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றார். அவர் பின்னால் வாங்கில் இருக்க இடமில்லாமல் சனம். அன்று எந்தக் கிளினிக் என்பதை நான் எழுதப் போவதில்லை.

"கொப்பியைத் தாங்கோ" என்றேன்.

"கொப்பி இல்லை. நான் உங்களிட்டைத்தான் வந்தனான்." குரலைத் தாழ்த்தினார். "உங்கட மாமா வீட்டில என்னைத்தான் பேசினவை."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"புதன்கிழமை எழுத்து வேண்டாமாம். கொஞ்ச நாள் போகட்டுமாம். நேற்றுப் பின்னேரம் ஆள் அனுப்பினவை. என்னைப் பற்றி உங்கட மாமாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"சத்தியமா நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதைத்தான் கேக்கிறன். மற்றப் பிள்ளைக்கு 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னனீங்களாம். எனக்கு மட்டும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

எனக்கு அப்போதுதான் அது விளங்கியது. சித்தியின் மருமகளைப் பற்றி நான் சொன்ன அந்த ஒரு சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் 'ஒண்டுமில்லை' என்று வாய் திறந்து சொல்கிறவன் வாய் திறக்காவிட்டால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மாமா அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் பிழை பிடிக்கவும் என்னால் முடியவில்லை. அவருக்கு அதைப் பழக்கிவிட்டவனே நான்தான்.

"உங்கட பதிவை நான் பாக்கவே இல்லை" என்றேன்.

"பாக்காமலே சொல்ல ஏலாது எண்டனீங்களோ?"

"ஓம்."

பின்னாலிருந்து ஒரு ஆச்சி, "பிள்ளை, கதைச்சு முடிஞ்சால் விலகன், எனக்கு பஸ் போயிடும்" என்றார். இவர் திரும்பவில்லை.

"அப்ப இப்ப பாருங்கோ. நான்தானே சொல்றன். எனக்கு முன்னால பாருங்கோ. பாத்திட்டுப் போய் ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ."

நான் கேட்கக் கூடாத ஒரு கேள்வி வாயில் வந்துவிட்டது. "இருந்தால்?"

அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. பேசிக்கொண்டிருந்த ஆள் கதவைச் சாத்தினால் எப்படியிருக்கும், அப்படி.

"இருந்தால் எண்டால் என்ன?" என்றார். "இருந்தால் நான் மனுசப் பிறவி இல்லையோ?"

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் இந்தக் கவுண்டரில நிண்டதை எங்கட ஊர் ஆக்கள் ரெண்டு பேர் கண்டிட்டினம். இனி அதையும் கதைப்பினம். நீங்கள் தொடக்கினது. நாளைக்குள்ள இதுக்கு ஒரு வழி பாருங்கோ."

போய்விட்டார். ஆச்சியைப் பதிந்தேன். அவருக்குப் பிறகு வந்தவரையும் பதிந்தேன். மத்தியானம் சனம் குறைந்ததும் நான் மட்டும் இருந்தேன். வாசலில் இரண்டு கழுதைகள் நிழலுக்கு நின்றன. தலைமன்னார் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. திரையில் தேடுகிற கட்டத்துக்குள் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை அடித்தேன். கீழே பட்டியல் விழுந்தது. அதே மூன்று எழுத்தில் தொடங்குகிற எத்தனையோ பெயர்கள். நாலாவது எழுத்தை அடித்தால் பட்டியல் சுருங்கும். ஐந்தாவதை அடித்தால், அவர் பெயர் இருந்தால் அது மட்டும் மிஞ்சும்; இல்லாவிட்டால் வெறுமையாகிவிடும். வெறுமையாகிவிட்டால் நான் அன்றே மாமா வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம். அவரே பார்க்கச் சொன்னார்தானே? புதன்கிழமை எழுத்து நடக்கும். எல்லோருக்கும் நல்லது.

ஆனால் வேறொருத்தியின் பெயரை அடிக்கச் சொல்லி அடுத்த மாமாவோ சித்தியோ நாளைக்கு வருவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது இருந்தால், நான் என்ன சொல்வேன்? பொய் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூட வேண்டும். வாயை மூடினால் மாமா மாதிரி அவர்களுக்கும் விளங்கிவிடும்.

மூன்று எழுத்துகளையும் அழித்தேன். அழித்த பிறகும் விரல் அந்த விசையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு டொக்டரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டும்போதே, ஒப்பந்த வேலை இது, இன்றோடு போகலாம் என்று தெரியும். அப்பாவின் சிவந்த காது நினைவுக்கு வந்தது. சித்தியின் மருமகளின் பதிவைத் திறந்ததை, சொன்னதை, அதனால் இப்போது இன்னொரு பெண்ணுக்கு நடந்திருப்பதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

"வேலைக்கில்லாமல் எத்தினை பேரின்ரதைத் திறந்தனீர்?"

"ஒண்டுதான் மிஸ்."

"நான் பாப்பன். ரெண்டாவது இருந்தால் உமக்கு வேலை இல்லை." கணினியை உடனே திறந்து பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அது ஐந்து நிமிடமாக இருக்கலாம். எனக்கு வியர்த்து முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஒன்றுதான் இருந்தது.

"நடந்ததை எழுதித் தாரும். ரெண்டு கிழமைக்கு நீர் கணினியைத் தொடக் கூடாது. பதிவறையில பழைய கட்டுகளை அடுக்கும்."

"மிஸ், மாமாவிட்டைப் போய்ச் சொல்லட்டோ? அந்தப் பிள்ளையின்ரதை நான் பாக்கேல்லை எண்டு?"

"நீர் செய்ததைச் சொல்லலாம். அவையின்ரதைச் சொல்லக் கூடாது." பேனையை எடுத்துக்கொண்டார். "அதோட, முதல்ல பாத்தீரே, அந்தப் பிள்ளைக்கும் அது தெரிய வேணும். மறந்திடாதேயும்."

அடுத்த நாள் பின்னேரம் பாலத்தைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போனேன். வீட்டுத்திட்டத்தில் சுவர் எழும்பிக் கூரை போடாமல் நிற்கிற வீடு. பக்கத்தில் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாமி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான், முகம் கொடுக்கவில்லை.

"மாமா, அண்டைக்குச் சித்திக்கு நான் 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னது பெரிய பிழை" என்றேன். "பாக்கவே கூடாததைப் பாத்துச் சொன்னனான். டொக்டரிட்டை எழுதிக் குடுத்திட்டன். வேலை போகப் பாத்தது. இந்தப் பிள்ளையின்ரதை நான் பாக்கவேயில்லை. அதில பேர் இருக்கோ இல்லையோ எண்டே எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"தெரிஞ்சாலும் இதைத்தான் சொல்லுவன்."

"கொஞ்சம் படிச்சிட்டால் இப்பிடித்தான்" என்றார் மாமியைப் பார்த்து. "நேராக் கதைக்க வராது. எட, இருந்தால்தானே மறைக்கிறது? இல்லாட்டி என்னத்தை மறைக்கிறாய்?"

அப்போது மச்சான் எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு எழும்பினான்.

"மச்சான்," என்றான், "என்ர பேர் அதில கிடக்கோ?"

"சொல்ல மாட்டன்."

மாமா நிமிர்ந்தார். "அவனுக்கென்ன? அவன் கல்லு மாதிரி இருக்கிறான். அவனுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லன்."

"சொல்ல மாட்டன் மாமா."

மாமியின் சுளகு நின்றது. "ஐயோ, என்ர பிள்ளைக்கு என்ன?"

"மாமி, நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதான் ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறன்!"

மச்சான் கையைத் துணியில் துடைத்தபடி, தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இப்ப எனக்கும் ஏதோ இருக்கு. அப்பிடித்தானே? பெம்பிளை வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்கோ, மாப்பிள்ளைக்கும் கொம்பியூட்டரில என்னவோ கிடக்காம் எண்டு."

மாமா என்னிடம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "மருமோன், பகிடி விடாதை. பெத்த தேப்பன் கேக்கிறன். அவன் எங்கயும் வந்தவனோ?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியுமா தெரியாதா என்பதை இங்கேயும் நான் எழுத மாட்டேன். அவர் கண் என் முகத்தில் எதையோ தேடியது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு ஒருவரும் வகுப்பு எடுத்ததில்லை. தரையில் கிடந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப என்ரை?" என்றார் மாமா. "நான் மாசாமாசம் உன்ர ஆஸ்பத்திரிக்குப் பிறசருக்கு வாறனான். என்ரையையாவது சொல்லன்."

"சொல்ல மாட்டன்."

"எட விசரா! உனக்கு முன்னால நிண்டுதானே பிறசர்க் குளிசை எடுக்கிறனான்!"

"எடுங்கோ மாமா. நான் சொல்ல மாட்டன்."

மாமிதான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. கதிரையில் திரும்பச் சாய்ந்து, மேலே கூரையில்லாத தன் புது வீட்டுச் சுவரைப் பார்த்தார். "அப்ப இவனிட்டைக் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல்.

மச்சான் மோட்டார் சைக்கிளை உதைத்தான். "எங்கையடா போறாய்?" என்று மாமி கேட்டார். "சங்கக்கடை பூட்ட முந்திப் போய் அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டிட்டு வாறன்" என்றான். "என்னத்தை?" "என்னைக் கட்ட இன்னும் விருப்பமோ எண்டு."

புதன்கிழமை எழுத்து நடக்கவில்லை. பெண் வீட்டார் தங்களுக்கு யோசிக்க நாள் வேண்டும் என்றுவிட்டார்கள். மாமா இரண்டு தரம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. மூன்றாம் மாதம்தான் கல்யாணம் நடந்தது. மச்சானும் அந்தப் பெண்ணும் அன்று சங்கக்கடையில் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மணவறையில் அவர் என்னைக் கண்டார். சிரிக்கவில்லை, தலையைக் கொஞ்சம் அசைத்தார், அவ்வளவுதான்.

இந்த முறை எனக்கு முன்வரிசையில் இலை இல்லை. பின்னால், தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பந்தியில் யாரோ மாமாவிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார்கள். "அவனிட்டையோ? அவன் என்ர பேரையே எனக்குச் சொல்ல மாட்டான்" என்று மாமா சொல்வது கேட்டது.

சாம்பார் வாளியோடு வந்தவர் சித்தியின் மருமகள். மூன்று மாதமாக நான் அவர் இருக்கிற இடங்களைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் மறக்க வேண்டாம் என்றதை நான் மறக்கவில்லை; வாய்தான் வரவில்லை. அவர் என் இலைக்கு முன்னால் நின்றார். அகப்பை வாளிக்குள்ளேயே இருந்தது.

"மாமா வீட்டில நீங்கள் வந்து சொன்னதெல்லாம் என்ர காதுக்கும் வந்தது" என்றார். "என்ர பேரை அடிச்சு என்னத்தைப் பாத்தனீங்கள்?"

'ஒண்டுமில்லை' என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் அவர் கேட்க விரும்புவார் என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"பாத்ததே பிழை அக்கா. உங்களிட்டைக் கேக்காமல் பாத்தனான். முதலே வந்து சொல்லியிருக்க வேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம். பிழைதான்" என்றார்.

இலையில் சாம்பாரை ஊற்றினார். அளவாகத்தான் ஊற்றினார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு அடுத்த இலைக்குப் போனார்.